கருப்புப் பட்டையை எங்கே வெட்டுவது? பழைய டிவிடியை எடிட்டிங்குக்கு எடுக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் பழைய டிவிடிகள் அலமாரியை விட்டு வெளியே வருவதற்குக் காரணங்கள் அதிகம் இல்லை. மூடிப்போன தோட்டத்தின் ஆட்கள் ஒன்றுகூடும்போது டேவானில், அதாவது பொது மண்டபத்தில், போட்டுக் காட்ட வேண்டும். கோயில் திருவிழாவின் அந்தக் காலத்துப் படத்தை இந்த வருடப் படத்தோடு சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் தாத்தாவின் அறுபதாம் கல்யாணம். வட்டைக் கணினியில் போட்டதும் படத்துக்கு மேலும் கீழும் கருப்புப் பட்டை தெரியும். அதை எடிட்டிங் மென்பொருளில் கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இன்றைய அகலத் திரை டைம்லைனில் வைத்தால் இடமும் வலமும் இன்னும் இரண்டு பட்டைகள் சேர்ந்துகொள்ளும். 1920×1080 திரையில் உண்மையான படம் 1440×810 மட்டும்தான், அதாவது திரைப்பரப்பில் 56 சதவீதம். மீதியெல்லாம் கருப்பு.

இதற்கு வழிகள் நாலு. பட்டையை அப்படியே விட்டுவிடலாம். எடிட்டிங் மென்பொருளுக்குள் ஜூம் செய்து பட்டையைத் திரைக்கு வெளியே தள்ளலாம். எடிட்டிங்குக்கு முன்பே ஹேண்ட்பிரேக், எஃப்எஃப்எம்பெக் போன்ற வீடியோ மாற்றும் மென்பொருள்களில் வெட்டி எடுக்கலாம். படத்தைத் தொடாமல், இத்தனை வரி வெட்டிக் காட்டு என்று கோப்புக்குள் குறிப்பு மட்டும் எழுதி வைக்கலாம். நாலாவதை இங்கேயே கழித்துவிடலாம். எம்கேவி கோப்புகளைக் கையாளும் எம்கேவிடூல்நிக்ஸில் எழுதும் வெட்டுக் குறிப்பைச் சில பிளேயர்கள்தான் மதிக்கும். எடிட்டிங் மென்பொருள்கள் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்வதில்லை. விஎல்சி பிளேயரில் சி பொத்தானைத் தட்டி வெட்டுவதும் பார்ப்பதற்கு மட்டும்தான், கோப்பில் எதுவும் மாறாது.

மீதி மூன்றில் எது என்பது, பட்டை எந்த வகை, படம் எந்தத் திரையில் ஓடப்போகிறது என்ற இரண்டையும் பொறுத்தது. வெட்டிவிட்டு அளந்து பார்ப்பவர்கள்தான் இதில் அதிகம் கெட்டுப்போகிறார்கள்.

முதலில் அளப்பது

திரையில் தெரியும் கருப்பு எல்லாம் கோப்புக்குள் இருக்கும் கருப்பு அல்ல. நல்ல வெயில் வெளிச்சமுள்ள ஒரு காட்சியில் விஎல்சியை நிறுத்தி, ஷிஃப்ட்டும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தி ஸ்னாப்ஷாட் எடுங்கள். அந்தப் படத்தைத் திறந்தால் கோப்பில் உள்ளது மட்டும் தெரியும். பக்கவாட்டில் இருந்த பெரிய கருப்பு காணாமல் போயிருந்தால் அது பிளேயர் போட்ட பட்டை. அதை வெட்ட வேண்டிய வேலையே இல்லை.

அடுத்து, கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோவில் கோப்பைப் போட்டு இரண்டு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பிக்சல் அளவு, காட்சி விகிதம். மலேசியாவில் பதிவான வட்டு என்றால் அநேகமாக 720×576, நொடிக்கு 25 ஃபிரேம். தோட்டத்தில் பால் என்றால் வாளியில் சேர்வது. இங்கே பால் (PAL) என்பது 625 கோட்டுத் தொலைக்காட்சி முறை. அந்த 625-இல் படத்துக்கு ஒதுங்குவது 576 வரி. 720×480, 29.97 ஃபிரேம் என்று வந்தால் அது என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு தொலைக்காட்சி முறையின் வட்டு. கீழே வரும் எண்கள் அதற்குப் பொருந்தாது.

இப்போது ஸ்னாப்ஷாட்டில் மேல்பட்டையின் உயரத்தை மொத்த உயரத்தோடு ஒப்பிடுங்கள். காட்சி விகிதம் 4:3 என்றும், மேலே எட்டில் ஒரு பங்கு, கீழே எட்டில் ஒரு பங்கு கருப்பு என்றும் இருந்தால், அது 16:9 படத்தை 4:3 சட்டத்துக்குள் அடக்கிய அசல் லெட்டர்பாக்ஸ். 576-இல் மேலே 72 வரி, கீழே 72 வரி போக, படம் 432 வரி. 2000-களில் வந்த மினிடிவி கேமராக்கள் பலவற்றில் இருந்த ‘சினிமா’ முறை செய்த வேலை இது. லென்ஸ் எடுத்த 4:3 படத்தின் மேலும் கீழும் கருப்பு மையைப் பூசிவிடும், அவ்வளவுதான். அந்த மைக்கு அடியில் இப்போது எதுவும் இல்லை. எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது.

விகிதம் 4:3 ஆக இருந்து, பட்டை ஒவ்வொன்றும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே போனால், உள்ளே இருப்பது, அகலம் உயரத்தைப் போல 2.35 மடங்கான அகலத் திரைப்படம். அதில் உண்மையான படம் ஏறக்குறைய 327 வரிதான்.

பலர் விழும் குழி இனிமேல்தான். விகிதம் 16:9 என்று குறித்திருக்கும் வட்டிலும் மேலே கீழே எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் கருப்பு இருக்கலாம். அதுவும் 2.35 திரைப்படமே, ஆனால் அனமார்ஃபிக் முறையில், அதாவது அகலத்தை நெருக்கிப் பதிந்து ஓடும்போது விரிக்கும் முறையில், பதிந்தது. பட்டை ஒவ்வொன்றும் 70 வரி, படம் 436 வரி. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். இதை லெட்டர்பாக்ஸ் என்று நினைத்து 1.333 மடங்கு ஜூம் செய்தால் அகலத்தில் கால் பங்கு போய்விடும். ஓரத்தில் நின்று பேசுபவர் பாதி மூக்கோடு நிற்பார். பட்டையின் உயரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

பட்டையை விட்டுவிடுவது

இதைச் சோம்பேறி வழி என்று சொல்லிவிட முடியாது. ஊர் டேவான்களிலும் தமிழ்ப்பள்ளி மண்டபங்களிலும் இன்னும் 1024×768 புரொஜெக்டர்கள் தொங்குகின்றன. அவை 4:3. அதில் அசல் லெட்டர்பாக்ஸ் வட்டை அப்படியே ஓட்டினால் உண்மையான படம் 1024×576 இடத்தை நிரப்பும். பட்டையைப் பாடுபட்டு வெட்டி 16:9 கோப்பாக்கி ஓட்டினாலும் அதே 1024×576 தான், ஏனென்றால் புரொஜெக்டரே மேலும் கீழும் கருப்பு போட்டுவிடும். இரண்டு நாள் வேலைக்குப் பலன் பூஜ்யம். எல்லாப் படமும் பழைய 4:3 வட்டுகளிலிருந்து வருகிறது, டேவானில் மட்டும் காட்டப் போகிறோம் என்றால், டைம்லைனையே 4:3-ஆக, 768×576 சதுர பிக்சலில் அமைத்துவிடுங்கள் (டிவிடியின் பிக்சல் சதுரமல்ல; அதன் 720 பிக்சல் அகலம் சதுரக் கணக்கில் 768). பட்டைப் பிரச்சினையே எழாது.

வெட்டுவதால் பலன் கிடைப்பது எல்இடி திரை, வீட்டுத் தொலைக்காட்சி, யூடியூப், கைப்பேசி ஆகியவற்றில்தான். ஆகவே மண்டபத்துக்குப் போய் அங்கே இருப்பது எந்தத் திரை என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது.

டைம்லைனில் ஜூம்

வீட்டுப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு எங்கள் தேர்வு இதுதான், ஒரு நிபந்தனையோடு. அதைப் பிறகு சொல்கிறோம்.

டாவின்சி ரிசால்வில் 16:9 டைம்லைனில் கிளிப் 1440 அகலத்துக்குப் பொருந்தி நிற்கும்போது ஜூம் 1.333 கொடுத்தால் பட்டை சரியாக வெளியே போகும். பட்டையின் ஓரம் கத்தியால் கீறியது போல் இருக்காது. விஎச்எஸ்ஸிலிருந்து வட்டுக்குப் போன படம் என்றால் இரண்டு மூன்று வரி சாம்பல் நிறத்தில் கரைந்திருக்கும். அதனால் 1.36 வைப்பதே பாதுகாப்பு. பிரீமியரில் எண்கள் வேறு. அங்கே ‘செட் டு ஃபிரேம் சைஸ்’ கொடுத்தால் அளவு 187.5 ஆகும், பட்டை போக அதை 250-க்கு ஏற்ற வேண்டும். பெயரில் பக்கத்திலேயே இருக்கும் ‘ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ்’ படத்தை முதலில் ஒரு தடவை மாற்றி வரைந்துவிடுகிறது. அதன் மேல் ஜூம் செய்தால் படம் இரண்டாவது தடவை குழையும். ஷாட்கட்டிலும் கேடென்லைவிலும் அளவும் இடமும் மாற்றும் வடிகட்டியே போதும்.

இந்த வழியின் பெரிய வசதி, எதையும் நிரந்தரமாக வெட்டவில்லை என்பது. 2.35 படத்தை முழுத் திரைக்கு நிரப்ப வேண்டுமானால் 1.76 மடங்கு ஜூம் வேண்டும், அகலத்தில் கிட்டத்தட்ட 24 சதவீதம் போகும். எல்லா ஷாட்டுக்கும் அது ஒத்துவராது. 1.5 அளவில் நிறுத்தி, கொஞ்சம் கருப்பை மேலும் கீழும் விட்டுவைத்து, ஆள் ஓரத்தில் நிற்கும் ஷாட்டில் மட்டும் படத்தை இடமோ வலமோ நகர்த்தலாம். டைம்லைனில் இருப்பதால்தான் இந்த நகர்த்தல் முடிகிறது.

இன்னொன்று, பட்டைக்குள் இருக்கும் எழுத்து. கல்யாண வீடியோ எடுத்த கடைகள் கீழ்ப்பட்டையில் மாப்பிள்ளை, பெண் பெயரையும் தேதியையும் ஓடவிட்டிருக்கும். வெட்டிவிட்டால் அந்தத் தேதியும் போயிற்று. ஜூம் என்றால் அந்த ஐந்து நொடிக்கு மட்டும் படத்தைச் சிறிதாக்கிக் காட்டிவிட்டு மறுபடி பெரிதாக்கலாம்.

இனி அந்த நிபந்தனை: டிவிடியை நேராக டைம்லைனில் போட்டு ஜூம் செய்யக் கூடாது. வட்டில் இருக்கும் வீட்டுப் படம் அநேகமாக இன்டர்லேஸ் முறையில் பதிந்தது. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தையும், இரட்டைப்படை வரிகள் ஐம்பதில் ஒரு நொடி கழித்து வரும் கணத்தையும் காட்டும். இந்த அரை அரைப் படங்களுக்கு ஃபீல்டு என்று பெயர். பால்வெட்டுக்காரரின் கை மரப்பட்டையில் இழுக்கும் இடத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள். கத்தி சீப்புப் பல் மாதிரி வரி வரியாகப் பிரிந்து நிற்கும். மென்பொருள் இதை இன்டர்லேஸ் என்று புரிந்துகொள்ளாமல் 2.5 மடங்கு பெரிதாக்கினால், அந்தப் பல்லெல்லாம் தடித்த படிக்கட்டாகி அசையும்போது மினுமினுக்கும். அதற்குப் பிறகு எந்த வடிகட்டியும் அதைச் சரி செய்யாது. முதலில் டீஇன்டர்லேஸ், அதாவது ஃபீல்டுகளை முழு ஃபிரேம்களாக்குவது, அதற்குப் பிறகு வெட்டு, கடைசியில் அளவு மாற்றம். இந்த வரிசையை மாற்றவே கூடாது.

முன்கூட்டியே வெட்டுவது

பத்துப் பதினைந்து வட்டுகள், எல்லாம் ஒரே கேமரா, ஒரே அளவு பட்டை என்றால் ஒவ்வொரு கிளிப்புக்கும் ஜூம் போட்டுக்கொண்டிருப்பது வீண் வேலை. முன்பே வெட்டிவிடலாம். பட்டையோடு உள்ள கோப்பை ஏஐ மூலம் பெரிதாக்கக் கொடுத்தால் கால் பங்கு நேரம் கருப்பைப் பெரிதாக்குவதிலேயே கழியும். அதற்கும் முன்கூட்டியே வெட்டுவதுதான் சரி. (ஏஐ பற்றி ஒரு வார்த்தை: 432 வரிப் படத்தில் தூரத்தில் நிற்கும் பாட்டியின் முகம் முப்பது நாற்பது பிக்சல்தான் இருக்கும். மென்பொருள் அதில் யாரோ ஒரு பாட்டியை வரையும்.)

டிவிடியில் இருப்பது எம்பெக்-2 முறையில் சுருக்கிய படம். அதை மறுபடி என்கோட் செய்யாமல், அதாவது திரும்பச் சுருக்காமல், வெட்ட முடியாது. எனவே ஒரே ஒரு தடவை, நல்ல தரத்தில் செய்ய வேண்டும்.

ஹேண்ட்பிரேக் கைக்கு எளிது. அதன் தானியங்கி வெட்டு, படத்தில் அங்கங்கே எடுக்கும் சில மாதிரிக் காட்சிகளைப் பார்த்து முடிவு செய்கிறது. இரவுத் தீமிதியில் பாதி மாதிரிகள் இருட்டாக இருந்தால் கணக்குத் தப்பும். ‘கஸ்டம்’ என்று மாற்றி மேலே 72, கீழே 72 என்று கையால் எழுதுங்கள். அனமார்ஃபிக்கை ‘நன்’ என்று வைத்து, பெரிதாக்க அனுமதிக்கும் பெட்டியையும் டிக் செய்து, வெளியீட்டு அளவை 768×432 ஆக்குங்கள். இந்த அளவு வீம்புக்குச் சொன்னது அல்ல. சதுர பிக்சலில் துல்லியமான 16:9, 2.5-ஆல் பெருக்கினால் சரியாக 1920×1080. டீஇன்டர்லேஸில், ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு ஃபிரேமாக்கும் ‘பாப்’ முறையைத் தேர்ந்து, ஃபிரேம் வேகத்தை 50 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண் 16 அளவில் இருக்கட்டும்; எண் குறையக் குறையத் தரம் கூடும். 20, 22 எல்லாம் பார்த்து முடிப்பதற்கான தரம், மறுபடி எடிட் செய்வதற்கு அது போதாது.

எஃப்எஃப்எம்பெக்கில் கட்டுப்பாடு அதிகம். வடிகட்டி வரிசை இப்படி: முதலில் டீஇன்டர்லேஸ் செய்யும் பிடபிள்யூடிஃப் (bwdif), ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு ஃபிரேம் தரும் முறையில். அடுத்து வெட்டும் கிராப், 704:432:8:72 (அகலம், உயரம், இடமிருந்து, மேலிருந்து). பிறகு ஸ்கேல் 768:432. கடைசியில் பிக்சல் விகிதம் 1. வெளியீடு எடிட்டிங்குக்கு ஏற்ற புரோரெஸ் 422, ஒலி 48,000 ஹெர்ட்ஸ் பிசிஎம், அதாவது சுருக்காத ஒலி. வட்டில் இருக்கும் ஏசி3 ஒலியைச் சில எடிட்டிங் மென்பொருள்கள் ஊமையாக்கிவிடும் என்பதால் பிசிஎம். இட விஷயத்தில் தயாராக இருங்கள். இந்த அளவுப் படத்துக்கு 25 ஃபிரேமில் ஒரு மணி நேரப் படத்துக்குச் சுமார் 15 ஜிபி, 50 ஃபிரேமில் அதன் இரட்டிப்புக்கு அருகில் போகும். வன்தட்டில் இடம் இல்லையென்றால் ஆர்எஃப் 16 எச்.264 போதும். இவ்வளவு சின்ன படத்துக்குச் சாதாரண மடிக்கணினியே ஈடுகொடுக்கும்.

அந்த 704 எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். 720 பிக்சலில் இரு பக்கமும் எட்டு எட்டு பிக்சல், கேமராவிலிருந்தோ டேப்பிலிருந்தோ வந்த படத்தில் பெரும்பாலும் வெறும் கருப்பு ஓரம். 4:3 என்பது நடுவிலுள்ள 704-க்குத்தான் என்பது ஒரு கட்சி, அவர்களின் பிக்சல் விகிதம் 12:11. முழு 720-க்கும் என்பது இன்னொரு கட்சி, அவர்களுக்கு 16:15. ஹேண்ட்பிரேக் இரண்டாவது கட்சி. வித்தியாசம் இரண்டேகால் சதவீதம்தான், சண்டை போடும் அளவுக்கு எதுவும் இல்லை. பக்கத்தில் கருப்பு ஓரம் தெரிந்தால் 704-ஐயும், தெரியாவிட்டால் 720-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே 768×432-இல் வந்து முடியும்.

பட்டை அளவைத் தானாகக் கண்டுபிடிக்கும் கிராப்டிடெக்ட் வடிகட்டியில் மூன்று விஷயங்கள் கெடும். அது தன் போக்கில் 16-இன் மடங்குக்கு வட்டமாக்கும். 432 அதில் சரியாக விழும், ஆனால் 328 வரிப் படம் 320 ஆகி எட்டு வரி வீணாகும். வட்டமாக்கலை 2 என்று மாற்றுங்கள். கருப்பின் எல்லை 24 என்று வைத்திருக்கும். விஎச்எஸ் படத்தில் பட்டைக்குள்ளேயே புழுதி பறக்கும், அது பட்டை என்பதையே ஒப்புக்கொள்ளாது. 40 வரை ஏற்றிப் பாருங்கள். மூன்றாவது, ஒளிபரப்பிலிருந்து பதிந்த சில வட்டுகளில் முதல் வரியில் வெள்ளைப் புள்ளிக்கோடு ஓடும். தொலைக்காட்சிக்கு அகலத் திரை என்று அறிவிக்கும் சமிக்ஞை அது. அந்த ஒரு வரியால் மேல்பட்டை முழுவதும் படம் என்று கணக்காகிவிடும். படத்தின் நடுவிலிருந்து பகல் காட்சி ஒரு நிமிடம், மூன்று இடங்களில் ஓட்டி, மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் நம்புங்கள்.

டீஇன்டர்லேஸ் செய்யாமலே வெட்டியாக வேண்டிய நிலை வந்தால், மேலிருந்து வெட்டும் வரி எண்ணிக்கை 4-இன் மடங்காக இருக்க வேண்டும். 72 சரி, 70 தப்பு. ஒற்றைப்படையில் வெட்டினால் ஃபீல்டுகள் இடம் மாறி, நடப்பவர் முன்னும் பின்னும் உதறுவார். 2-இன் மடங்கு மட்டும் என்றால் வெளிச்சம் சரியாக இருக்கும், நிறம் மட்டும் தப்பான ஃபீல்டில் போய் உட்கார்ந்து, சிவப்புப் புடவையின் ஓரம் பிசிறும்.

நிறத்தைச் சொன்னதால்: முன்கூட்டியே வெட்டும்போது அதே கையோடு 1920×1080-க்குப் பெரிதாக்கி வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். டிவிடியின் நிறக் கணக்கு ஒன்று, எச்டியின் நிறக் கணக்கு வேறு. மாற்றாமல் அளவை மட்டும் பெரிதாக்கினால் பிளேயர் அதை எச்டி என்று எடுத்துக்கொண்டு, குங்குமத்தையும் மஞ்சளையும் சற்றே வேறு நிறமாக்கும். 768×432-இல் நிறுத்தி, பெரிதாக்குவதை எடிட்டிங் மென்பொருளிடம் விடுங்கள்.

வட்டிலிருந்து எடுக்கும்போது

மேலே சொன்ன எந்த வழியானாலும் வட்டை நேராக ஓட்டிக்கொண்டு வேலை செய்யாதீர்கள். முதலில் முழுவதையும் வன்தட்டுக்கு நகலெடுங்கள். வட்டில் படம் இருக்கும் விஓபி (VOB) கோப்புகள் 1 ஜிபிக்கு ஒன்றாக வெட்டுப்பட்டிருக்கும், ஒரே நிகழ்ச்சி மூன்று நாலு துண்டாக இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றினால் ஒட்டும் இடத்தில் ஒலி டிக்கென்று தட்டும், நாதஸ்வரத்துக்கு நடுவில் அது நன்றாகவே கேட்கும். வட்டிலிருந்து படத்தை எடுக்கும் மேக்எம்கேவி மென்பொருளில் ஒரே கோப்பாக எடுத்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள். எண் 0-இல் முடியும் விஓபி, வட்டின் பட்டியல் (மெனு) பக்கம், அது தேவையில்லை. ரெக்கார்டரில் பதிந்த பிறகு ‘ஃபைனலைஸ்’ கொடுத்துப் பதிவை முடித்து வைக்காத வட்டைக் கணினி பெரும்பாலும் காலி வட்டு என்றே காட்டும். அதே ரெக்கார்டர் கிடைத்தால் அதில் போட்டு முடித்துவிடுவது சுலபம். கடையில் வாங்கிய திரைப்பட வட்டுகளில் பூட்டு இருக்கும். பூட்டை உடைப்பது பதிப்புரிமைச் சட்டத்தோடு மோதும் வேலை, இங்கே சொல்வதெல்லாம் வீட்டு வட்டுகளுக்கு.

கடையில் கொடுத்துச் செய்தால்

ஊரில் படக்கடைகள் இன்னும் டிவிடியை மாற்றித் தருகின்றன. ‘ஃபுல் எச்டி போட்டுத் தருகிறோம்’ என்றால் உஷாராக இருங்கள். பல சமயம் அது 4:3 படத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பட்டையைச் சமாளித்தது. பார்த்ததும் தெரியாது, எல்லாரும் கொஞ்சம் சதை போட்டது போல மட்டும் இருக்கும். பக்கவாட்டில் நிற்கும் லோரியின் டயர் வரும் காட்சியில் நிறுத்தி, திரையில் அளவுகோலை வைத்து உயரத்தையும் அகலத்தையும் அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பட்டை இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, கடைச் சீட்டில் இதை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: வெட்டக் கூடாது, இழுக்கக் கூடாது, 768×576, டீஇன்டர்லேஸ் செய்து 50 ஃபிரேம், பென்டிரைவில். காவடியும் உறுமி மேளமும் உள்ள வட்டுக்கு இந்த 50-ஐ விட்டுக்கொடுக்காதீர்கள். 25-ஆகக் கொடுத்தால் அசைவில் பாதி அங்கேயே கழிந்துவிடும். ஜூம் செய்வதை வீட்டில் நீங்களே வைத்துக்கொள்ளலாம்.